ஜம்ப் கொடுத்ததாலா?

பேட்டரி இறங்கிய காரைப் பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புகிறோம். இன்ஜின் ஓடுகிறது. ஆனால் மீட்டர் போர்டில் இன்ஜின், ஏ.பி.எஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் சேர்ந்து எரிகின்றன. பவர் விண்டோ ஒரே தட்டில் ஏற மறுக்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் திணறி அணைகிறது. "ஜம்ப் கொடுத்ததால்தான் போச்சு" என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். உதவிக்கு வந்தவர் குற்றவாளி ஆகிறார். பட்டறையில் யாராவது "ஈ.சி.எம் அடிபட்டிருக்கும்" என்றால் பல ஆயிரம் ரூபாய்க்கு இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினிப் பெட்டியே மாற்றப்படுகிறது. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பாலிசி மின்பழுதையும் இயந்திரப் பழுதையும் சொந்தச் சேதப் பிரிவிலிருந்து விலக்கியே வைத்திருப்பதால் செலவு முழுவதும் உரிமையாளருடையது.

இதை ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் தவறு தொடங்குகிறது என்பது என் முடிவு. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த நாட்கள், கேபிள் மாட்டியிருந்த சில நிமிடங்கள், வண்டி கிளம்பியபின் ஓடிய நேரம் ஆகிய மூன்றிலும் மின்பழுது பிறக்க வழி உண்டு. வழிகள்தான் வேறு. கேபிள் மாட்டியிருந்த நிமிடங்களில் நிஜமான சேதம் நிகழ முடியும். ஆனால் அதற்குக் குறிப்பிட்ட சில தவறுகள் நடந்திருக்க வேண்டும். அவை நடக்காதபோது எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை முன்னரோ பின்னரோ வந்த தாழ்ந்த வோல்டேஜின் விளைவு. அவற்றில் பல பணம் செலவில்லாமல் தீரக்கூடியவை.

பழைய வண்டிகளில் இந்தச் சிக்கலே இல்லை. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை முகப்பில் கைப்பிடியை விட்டுச் சுற்றித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு வண்டியின் மின்சாரம் என்பது டைனமோ, காயில், பாயின்ட், கண்டென்சர், சில பல்புகள், ஒரு ஹாரன். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளினார்கள். 1960-களில் மேலைநாட்டுக் கார்களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தபோது முதல்முறையாக வண்டிக்குள் டயோடுகள் வந்தன. 1986-இல் பாஷ் நிறுவனம் கேன் என்ற தகவல் இணைப்பை அறிமுகப்படுத்தியது; இன்ஜின், பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் பெட்டிகள் இரண்டு ஒயர்களில் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 மாசு விதி எல்லாம் கட்டாயமாயின. இன்றைக்குச் சின்ன ஹாட்ச்பேக்கில்கூடப் பேட்டரியை நம்பி நினைவு வைத்திருக்கும் கணினிகள் பல இருக்கின்றன.

முதலில், கேபிள் வருவதற்கு முந்தைய கதை. நிறுத்திய காரும் மின்சாரம் குடிக்கிறது. அலாரம், கடிகாரம், ரிமோட் சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் பெட்டி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் இழுப்பது இயல்பு. 30 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்னக் கார், முழுச் சார்ஜில் நிறுத்தப்பட்டாலும் ஒரு மாதத்தில் பாதிக்குமேல் இழந்துவிடும். ஏழு வாரத்தில் காலி. தனியாகப் பொருத்திய ஜி.பி.எஸ் டிராக்கரும் டேஷ் கேமராவும் சேர்ந்து இந்த இழுப்பை 100 மில்லிஆம்பியர் ஆக்கினால் இரண்டு வாரமே தாங்கும். 2020 மார்ச் 25-இல் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீண்ட முதல் ஊரடங்கில் வாசலிலேயே நின்ற வண்டிகளுக்கு நேர்ந்தது இந்தக் கணக்குதான். மூன்று, நான்கு வருடம் ஓடிய பேட்டரிக்கு இந்த அவகாசம்கூடக் கிடையாது. நம் ஊர் வெயில் அதன் ஆயுளைக் கடுமையாகச் சுரண்டுகிறது: ஈய-அமில பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-இல் பாதி, 12-இல் கால்வாசி. 11.9-க்குக் கீழே போனால் அதில் எடுக்க ஒன்றுமில்லை. இந்த நிலையில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் 100, 150 ஆம்பியர் கேட்கிறது. வோல்டேஜ் எட்டு, ஏழு, ஆறு என்று சரிகிறது. சரிந்ததும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலினாய்டின் பிடி விடுகிறது. பிடி விட்டதும் சுமை போய் வோல்டேஜ் ஏறுகிறது, சோலினாய்டு மறுபடி பிடிக்கிறது. நாம் கேட்கும் அந்த 'டகடகடக' சத்தம் இதுதான். ஒவ்வொரு தட்டிலும் வண்டியிலுள்ள ஒவ்வொரு கணினியும் அணைந்து எழுகிறது, அல்லது பாதி அணைந்து தடுமாறுகிறது. இன்ஜின் பெட்டி விழித்திருக்க ஏ.பி.எஸ் பெட்டி உறங்கிவிடும். ஏ.பி.எஸ் பதில் சொல்லவில்லை என்று இன்ஜின் பெட்டி ஒரு குறிப்பு எழுதும். ஸ்டியரிங் பெட்டி எழுந்து, இன்ஜின் பெட்டியைக் காணோம் என்று இன்னொரு குறிப்பு எழுதும். ஸ்கேனர் போட்டால் யு0100, யு0121 என்று தொடர்பு அறுந்ததைச் சொல்லும் குறியீடுகளும், வோல்டேஜ் தாழ்வு என்னும் பி0562-உம் வரிசையாக நிற்பது இதனால்தான். பத்துக் குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்திருப்பதைப் பார்த்துப் பத்துப் பாகங்கள் கெட்டதாகப் பயப்படுகிறார்கள். பத்துப் பாகங்கள் ஒரே நொடியில் தனித்தனியாகக் கெடுவது நடக்காத காரியம். அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்சாரம் ஒன்றுதான்.

இவை சேதமில்லை, மறதி. பவர் விண்டோ தன் மேல் எல்லையை மறந்திருக்கும். கண்ணாடியை முழுவதும் ஏற்றி, மூடியபின்னும் சில நொடி சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் பல வண்டிகளில் திரும்பக் கற்றுக்கொள்ளும். திராட்டில் தன் ஓய்வு நிலையை மறந்திருந்தால் ஐடில் ஏறி இறங்கும். ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜின் சூடாகும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஸ்டியரிங் கோண சென்சார் நடுநிலையை இழந்திருந்தால், வண்டி ஓடும் நிலையில் ஸ்டியரிங்கை இடது கோடிவரையும் வலது கோடிவரையும் ஒருமுறை திருப்புவது பல மாடல்களில் போதும். சிலவற்றில் ஸ்கேனர் வேண்டும். சில பழைய கார்களின் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்கும். உரிமையாளர் கையேட்டில் இவற்றுக்கான முறை இருக்கும். அதைப் படிக்காமல் பட்டறைக்கு ஓடுவதால் எத்தனையோ பேர் காசை இழக்கிறார்கள் என்பதை நினைக்கவே வருத்தமாயிருக்கிறது.

தாழ்ந்த வோல்டேஜ் நிஜமாகவே ஒரு பெட்டியைக் கெடுக்குமா? அரிதாக, ஆம். நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அந்தப் பதிவு சிதையலாம். அந்த 'டகடக'வைப் பத்துமுறை, இருபதுமுறை மீண்டும் மீண்டும் எழுப்புவது இந்த வாய்ப்பைப் பெருக்குகிறது. இரண்டு முறை முயன்று எடுக்கவில்லை என்றால் சாவியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இனி கேபிள் மாட்டிய நிமிடங்கள். இங்கே உண்மையான ஆபத்துகள் நான்கு என்பேன். அவற்றில் தலையாயது பிளஸ், மைனஸ் மாறிப்போவது.

ஆல்டர்னேட்டருக்குள் ஆறு டயோடுகள், பேட்டரியின் பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டிரண்டாக நிற்கின்றன. சரியான திசையில் அவை பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வராமல் அடைக்கும் கதவுகள். கேபிள் மாறினால் ஆறும் திறந்துகொள்கின்றன. பாதையில் தடையே இல்லை, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்த வெள்ளத்தில் முதலில் போகவேண்டியது பேட்டரியருகே போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கும் பெரிய மெயின் ஃபியூஸ். அது போய்விட்டால் பல நேரம் வண்டி பிழைத்தது என்று பொருள். ஃபியூஸ் உருகுவதற்குள் டயோடுகள் வெந்தால் ஆல்டர்னேட்டர் போகும். கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். அது தலைகீழ் மின்சாரத்தைத் தானே எர்த்துக்குக் கடத்தி, அந்தப் பெட்டியின் ஃபியூஸை எரியவைத்து, உள்ளே இருப்பதைக் காக்கும். கேபிள் நீண்ட நேரம் மாறியே இருந்தால் அந்தக் காவல்காரனும் கருகும்.

வாகன மின்னணுவுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 16750 இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியின்படி 12 வோல்ட் வண்டியின் ஒரு பெட்டி, தலைகீழாக 14 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கி, எரிந்த ஃபியூஸை மாற்றியபின் வழக்கம்போல வேலை செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் அமைப்பு என்றால் இந்தச் சோதனை 4 வோல்ட்டில் நடக்கும். ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்றே தனியாக ஒரு சோதனையும் உண்டு: 24 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுப்பார்கள். அந்த நிமிடத்தில் பெட்டி வேலையை நிறுத்தலாம்; பின்னர் மீள வேண்டும், சாகக் கூடாது. ஆக, வண்டியோடு வந்த பாகங்கள் மனிதத் தவறை ஓரளவு மன்னிக்கும்படி செய்யப்பட்டவை. வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்துக்கும், ரிவர்ஸ் கேமராவுக்கும், டிராக்கருக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. ஜம்ப்புக்குப் பிறகு முதலில் செத்துக்கிடப்பது பல நேரம் அவைதான். ஒரு நிமிடம் என்ற எல்லையையும் கவனிக்க வேண்டும். 'ஏன் எடுக்கவில்லை' என்று யோசித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மாறிய கேபிளோடு நின்றால் எந்தத் தரமும் காப்பாற்றாது.

இரண்டாவது ஆபத்து அந்த 24 வோல்ட்; அதற்கான சோதனை வெறும் காகிதக் கணக்கில்லை. நம் நெடுஞ்சாலையில் இரவில் நின்றுபோன காருக்கு முதலில் நிற்பவர் லாரி டிரைவர். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. இரண்டின் இரு கோடிகளிலிருந்தும் கேபிள் எடுத்துக் காருக்குக் கொடுத்தால் செல்ஃப் வழக்கத்தைவிட வெறியோடு சுற்றும், இன்ஜினும் எடுத்துவிடும். அதற்குள் பல்புகள் போயிருக்கும், இறங்கிய பேட்டரி கொதிக்கத் தொடங்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத்தைப் பெட்டிகள் எண்ணிக்கொண்டிருக்கும். லாரியை அணைத்துவிட்டு, மைனஸ் முனை சேஸியோடு சேர்ந்திருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்கும். அனுபவமுள்ள டிரைவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எது அந்தப் பேட்டரி என்று உறுதியாகத் தெரியாவிட்டால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு இன்னொரு காருக்குக் காத்திருப்பதே சரி.

மூன்றாவது ஆபத்து, ஓடும் இன்ஜினிலிருந்து பேட்டரியைப் பிரிப்பது. ஆல்டர்னேட்டர் 60, 80 ஆம்பியரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அதை வாங்கும் இடம் திடீரென்று மறைந்தால், ரோட்டரின் காந்தப்புலம் உடனே அடங்காது. வரத்து மிகுந்த நாளில் நீரை வாங்கிக்கொள்ளும் ஏரியைப் போல வண்டியில் இருப்பது பேட்டரி. ஏரி இல்லாதபோது கரையில் உள்ளவை மூழ்கும். கட்டுப்படுத்தப்படாத இந்த எழுச்சி 80 முதல் 100 வோல்ட்வரை போய், அரை வினாடிக்குள் அடங்கும் என்று வைத்துத்தான் அதே தரத்தில் சோதிக்கிறார்கள். புதிய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இதை ஏறக்குறைய 35 வோல்ட்டில் வெட்டிவிடும் டயோடுகள் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி அணையவில்லை, ஆகவே டைனமோ நல்லாயிருக்கு' என்று சொல்லும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துச் சோதனை அது. இன்றைய வண்டியில் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்தால் பத்து நொடியில் கிடைக்கும் பதிலுக்காக வண்டியின் எல்லாக் கணினிகளையும் பணயம் வைக்கத் தேவையில்லை.

ஜம்ப் கேபிளை எடுக்கும்போது இதே எழுச்சி வருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இறங்கியிருந்தாலும் உள்ளே தொடர்போடு இருக்கும் பேட்டரி எழுச்சியை வாங்கிக்கொள்ளும் என்பதால், சாதாரண நிலையில் பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரிக்குள் தகடுகளின் இணைப்பே அறுந்துபோயிருந்தால் நிலைமை வேறு: வண்டி உண்மையில் கடன் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும், கேபிளை எடுப்பது ஓடும்போது டெர்மினலைக் கழற்றுவதற்குச் சமம். கேபிளை எடுக்குமுன், இறங்கிய வண்டியின் ஏசி புளோயரையும் பின்கண்ணாடி டீஃபாகரையும் போடச் சொல்லும் கையேடுகள் இதற்காகவே சொல்கின்றன. ஹெட்லைட்டைப் போட வேண்டாம் என்று சிலவற்றில் இருக்கும். எழுச்சி வந்தால் பல்பு போகும்.

நான்காவது, கேபிளும் எர்த் வைக்கும் இடமும். கடையில் தொங்கும் மலிவான கேபிள்கள் தடிமனாகத் தெரிவது பெரும்பாலும் மேலுறையால். உள்ளே 16 சதுர மில்லிமீட்டர் செம்பு இருந்தால், இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரண்டு கேபிள்களிலும் சேர்த்து 150 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட் இழப்பு. உள்ளே 6 சதுர மில்லிமீட்டர்தான் என்றால் 2.2 வோல்ட், செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் அதற்கும் மேலே. இறங்கிய வண்டிக்குப் போய்ச் சேர்வது பத்துச் சொச்சம் வோல்ட், மறுபடி 'டகடக'. கறுப்புக் கிளிப்பைக் கடைசியாக, பேட்டரியிலிருந்து விலகி, இன்ஜினின் தடித்த இரும்பில் மாட்டச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். கடைசி இணைப்பில் பொறி பறப்பது உறுதி. முகத்தில் அமிலம் தெறிப்பதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டாவது, செல்ஃப் கேட்கும் மின்சாரத்துக்கு இன்ஜின் பிளாக்கே குறுக்குப் பாதை. மெல்லிய பிராக்கெட்டிலோ பெயின்ட் அடித்த தகட்டிலோ எரிபொருள் குழாயிலோ மாட்டினால், வண்டியின் எர்த் பட்டையும் துருப்பிடித்திருந்தால், மின்சாரம் சென்சார் எர்த், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் போகும். அவற்றில் ஏதாவது கருகும். புதிய கார்கள் பலவற்றில் மைனஸ் முனையிலேயே பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் உண்டு. முனையில் நேரடியாக மாட்டினால் அதன் கணக்கு தப்பிப்போகும்.

உதவும் வண்டியின் இன்ஜின் ஓட வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா? தயாரிப்பாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஓடினால் 14 வோல்ட் கிடைக்கிறது, அந்த வண்டியின் பேட்டரியும் வற்றாது. அணைந்திருந்தால் அதன் ஆல்டர்னேட்டருக்கு ஆபத்தில்லை. ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு இறங்கிய பேட்டரிக்குக் கொஞ்சம் ஊட்டியபின் முயல்வது நடைமுறையில் நல்லது என்பது என் கருத்து. அந்த வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடே முடிவு. கேபிள் ஒழுங்காக மாட்டியிருந்தால் உதவிய வண்டிக்குப் பழுது வருவது அபூர்வம். மாற்றி மாட்டினால் இரண்டு வண்டிக்கும் சேர்ந்தே வரும். இரு பேட்டரிகளும் தொடராகி, கேபிள் வழியே ஒன்றையொன்று ஷார்ட் செய்யும்.

பவர் பேங்க் போன்ற லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் இப்போது பரவலாகிவிட்டன. மாற்றி மாட்டினால் மின்சாரமே தராத பாதுகாப்பு அவற்றில் உண்டு என்பதால் நான் அவற்றையே விரும்புகிறேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போன பேட்டரியைக் கருவியால் உணர முடியாது. அதற்காக 'பூஸ்ட்' என்றொரு பட்டன் கொடுத்திருப்பார்கள். அதை அழுத்தினால் பல கருவிகளில் அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து அணைந்துவிடும். அழுத்துமுன் சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுவும் இறங்கும். அவற்றைக் கிளப்பக் கேபிள் மாட்டும் முனை பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கொடுப்பதைப் பல தயாரிப்பாளர்கள் தடைசெய்கிறார்கள். உயர் வோல்டேஜைக் குறைத்துத் தரும் கருவி, இன்னொரு காரின் செல்ஃப் மோட்டார் கேட்கும் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டதில்லை.

மூன்றாவது காலகட்டத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், அதிகச் செலவு வைப்பதும் அதுதான். வண்டி கிளம்பியதும் 'அரைமணி ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். ஏறாது. ஆல்டர்னேட்டரின் வேலை, நிறைந்த பேட்டரியை நிறைவாக வைத்திருப்பது; வற்றிய பேட்டரியை நிரப்புவதற்கு அது அளவெடுக்கப்படவில்லை. வற்றிய பேட்டரி கிடைத்ததையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் ஓடும். நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது அதன் விசிறி மெதுவாகச் சுற்றும். ஏசியும் ஹெட்லைட்டும் பங்கு கேட்கும். சித்திரை வெயிலில் பானட்டுக்குள் இருக்கும் சூட்டில் அந்த டயோடுகளில் ஒன்று போவதில் வியப்பில்லை.

ஒரு டயோடு போனால் வண்டி உடனே நிற்பதில்லை, சிக்கலே அங்குதான். சார்ஜ் குறைவாக வரும், வோல்டேஜில் அலை கலந்து வரும். அந்த அலை மியூசிக் சிஸ்டத்தில் இரைச்சலாகவும், கணினிகளில் புரியாத குறியீடுகளாகவும் வெளிப்படும். இதைவிட மோசம், ஷார்ட்டான டயோடு இரவெல்லாம் பேட்டரியைப் பின்வாசல் வழியாக உறிஞ்சும். காலையில் மறுபடி பேட்டரி டவுன், மறுபடி ஜம்ப், மறுபடி ஆல்டர்னேட்டருக்கு முழுச் சுமை. மூன்றாவது நாள் பேட்டரியை மாற்றுகிறார்கள். புதியதும் ஒரு வாரத்தில் இறங்குகிறது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட (ஏ.சி) வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பார்த்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். சுமையோடும் சுமையில்லாமலும் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்குள் ஒரு செல் போயிருப்பதும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. ஆறு செல்லில் ஒன்று ஷார்ட்டானால் முழுச் சார்ஜிலும் 10.5 வோல்ட்தான் நிற்கும். மீதி ஐந்தும் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டு கொதிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரிக்கு எத்தனை ஜம்ப் கொடுத்தாலும் ஸ்டியரிங் விளக்கு அணையாது. மின்சார ஸ்டியரிங் நின்ற இடத்தில் திருப்பும்போது 50 ஆம்பியருக்கு மேல் கேட்கக்கூடியது. பலவீனமான பேட்டரியை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் அதுதான்.

ஆகவே ஜம்ப்புக்குப் பிறகு எந்தப் பெட்டியையும் சந்தேகிக்குமுன் பேட்டரியைக் கழற்றி, வெளிச் சார்ஜரில், ஆம்பியர்-மணியின் பத்தில் ஒரு பங்கு அளவில், ஓர் இரவு முழுவதும் ஏற்ற வேண்டும். 35 ஆம்பியர்-மணிக்கு மூன்றரை ஆம்பியர். பேட்டரிக் கடைகளில் இதைச் சொற்பக் காசுக்குச் செய்துதருகிறார்கள். பிறகு சில மணி நேரம் ஓய்வில் விட்டு வோல்டேஜைப் பார்க்க வேண்டும், 12.4-க்குக் கீழே நின்றால் பேட்டரியே குற்றவாளி. நன்றாக நின்றால் வண்டியில் பூட்டி, கிளப்பும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுகிறதா, ஓடும்போது 13.8 முதல் 14.6 வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கணினியே ஏற்றி இறக்குவதால் ஓடும்போது 12.6 காட்டினாலும் பழுதாகிவிடாது. ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு மறுபடி பார்த்தால் தெளியும்.

அதற்குப் பிறகே ஸ்கேனர். எல்லாக் குறியீடுகளையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு அழிக்கச் சொல்லுங்கள். பழுது பதிவான நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இருந்தது என்பதையும் பல வண்டிகள் சேமித்து வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஏழு, எட்டு வோல்ட் என்று அதில் இருந்தால், அந்தக் குறியீடு பேட்டரி வற்றியிருந்தபோது பிறந்தது, கேபிள் கொடுத்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறாக, வோல்டேஜ் மிகை என்னும் பி0563 இருந்தால் 24 வோல்ட் போயிருக்கிறதா, ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறதா என்று விசாரிக்க நியாயமுண்டு. பானட்டுக்குள் மெயின் ஃபியூஸ் எரிந்திருந்தால் கேபிள் மாறியது பெரும்பாலும் உறுதி. ஆல்டர்னேட்டருக்கான ஃபியூஸ் மட்டும் எரிந்திருப்பதும் உண்டு. வண்டி கிளம்பும், ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது, ஆல்டர்னேட்டர் போய்விட்டதாகச் சொல்லி மாற்றிவிடுவார்கள். ஃபியூஸின் விலையோ அதில் மிகச் சிறு பங்குதான்.

அழித்தபின் திரும்பி வருவது எதுவோ அதை மட்டும் துரத்தினால் போதும். அந்தப் பெட்டியின் ஃபியூஸ், அதற்கு வரும் மின்சாரம், அதன் எர்த் மூன்றையும் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் அது பேசவில்லை என்றால் மட்டுமே மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. தலைகீழ் மின்சாரத்தில் போன பெட்டிகளில், வாசலில் நின்ற அந்தப் பாதுகாப்பு டயோடு ஷார்ட்டாகி மற்றதெல்லாம் நலமாக இருப்பது உண்டு. சர்க்யூட் போர்டு வேலை தெரிந்த நல்ல எலக்ட்ரீசியன் அதை மட்டும் எடுத்துப் புதியது வைத்துவிடுவார். பெட்டிக்குள் இருக்கும் உங்கள் வண்டியின் பதிவுகளும் அப்படியே தப்பும், சாவியைத் திரும்பப் பழக்க வேண்டிய வேலையும் இராது.